சுருங்காத நெற்றி

மூக்கின் ஒரு துவாரத்தைப் பொத்திக்கொண்டு மறு துவாரத்தால் மோந்து பாருங்கள் என்றார் டாக்டர் ரிஸ்வானா. கண் இரண்டையும் மூடிக்கொள்ள வேண்டுமாம். சங்கரவடிவு மூடினாள். இடது கண் சொன்ன பேச்சுக் கேட்டு மூடிக்கொண்டது. வலது கண் கேட்கவில்லை. கடையை அடைத்த பிறகும் ஷட்டர் முழுக்க இறங்காமல் ஒரு சாண் தூக்கி நிற்குமே, அதுபோல அடியில் சன்னல் வெளிச்சம் ஒரு கீற்றாக நின்றுகொண்டே இருந்தது. "பரவாயில்லை டீச்சர், அதை நான் பொத்திக்கிறேன்" என்று டாக்டர் உள்ளங்கையை வைத்தார். "சோப்பு" என்றாள் வடிவு. "அது என் கை. இப்போ?" காபித்தூள். சிக்கரி கூடுதலாகப் போட்ட காபித்தூள். சொன்னாள், ஆனால் சொல்லும்போது காபியின் ‘பி’ உதட்டின் வலது ஓரமாகக் காற்றாய் நழுவி, இங்கிலீஷ்காரி மாதிரி ‘காஃபி’ என்று விழுந்தது. இருபது வருஷமாகப் பாளையங்கோட்டை பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர், மைதானத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குக் கேட்கும் தொண்டை, இன்று ஒரு ‘பி’ பிடிபடவில்லை. காலையில் விசிலும் அப்படித்தான் செய்தது. பள்ளிக்குக் கிளம்பும் முன் முற்றத்துக் குழாயடியில் நின்று விசிலை ஒருதரம் ஊதிப் பார்ப்பது அவள் வழக்கம், ஈர விசில் சரியாகப் பேசாது என்று. ஊதினாள். புஸ். துடைத்துவிட்டு மறுபடி ஊதினாள். புஸ். விசில்தான் கெட்டுப்போச்சு என்று அதை உதறி, குழாய்மேல் தட்டி, துவாரத்துக்குள் ஒற்றைக் கண்ணால் பார்க்கப்போய், அப்போதுதான் தெரிந்தது மறு கண்ணை மூட முடியவில்லை என்று, அப்போதுதான் மாடிப்படியில் நின்ற ஆவுடை அவள் முகத்தைப் பார்த்து "மைனீ!" என்று அலறினாள். தீபாவளிக்குப் பிறகு ஆவுடை அவளிடம் பேசிய முதல் வார்த்தை அது. கணவனின் தங்கை, மாடியில் குடியிருப்பவள், அவள் புருஷன் மஸ்கட்டில். மாதக்கணக்காக ஒரே வாசலில் கோலம், ஒரே குழாயில் தண்ணீர், பேச்சு மட்டும் கிடையாது. அந்த ஆவுடைதான் இப்போது கதவோரம் வடிவின் கைப்பையை இரண்டு கையாலும் மார்போடு கட்டிக்கொண்டு, பை எங்கேயோ ஓடிவிடும் என்பதுபோல நிற்கிறாள்.

அது என்று சொல்லிக்கொண்டாள் வடிவு. அதுவாக இருக்குமோ. அதன் பெயரை அவள் ஆட்டோவிலும் நினைக்கவில்லை, இந்த ஸ்டூலில் உட்கார்ந்தும் நினைக்கவில்லை. பெயர் சொன்னால் வந்துவிடும் என்பதல்ல, அவள் அறிவியல் தெரிந்தவள், ஆனாலும் ‘வாதம்’ என்று முடியும் அந்த வார்த்தையின் முதல் பாதி நாக்கு நுனிக்கு வரும்போதே பிடித்துக் கீழே தள்ளிவிட்டு, அது, அது, அதுவாக இருக்காது. சுவரில் தொங்கிய எழுத்துகளை ஒரு கண்ணால் படிக்கச் சொன்னார்கள், படித்தாள். மறு கண்ணால் படிக்கச் சொன்னார்கள், அது நீர் வழிய வழிய படித்தது. கடைசி வரி பொடியெழுத்து, அதையும் விடவில்லை, ஒன்றை ஊகித்துச் சொன்னாள், சரியாக இருந்தது. பாஸ். டாக்டர் எதிரே உட்கார்ந்து இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து, "என் மூக்கையே பாருங்க, எந்தப் பக்கம் விரல் ஆடுதுன்னு மட்டும் சொல்லுங்க" என்றார். மூக்கையே பார். சரி. சின்ன மூக்குத்தி, ஒற்றைக் கல். மேலப்பாளையத்துப் பிள்ளையாக இருக்கும், பேச்சில் அந்த இழுப்பு இருக்கிறது. என்ன வயசு, முப்பது இருக்குமா, இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு மூளை நரம்பெல்லாம் தெரியுமா, தெரியும், தெரியாமலா நாற்காலி கொடுப்பார்கள். "டீச்சர், விரல் ஆடுச்சே." "எந்தப் பக்கம்?" "அதை நீங்கதான் சொல்லணும்." அடடா. இரண்டாம் தடவை அவள் திருட்டுத்தனமாகக் கண்ணை ஒரு இழை நகர்த்தி விரலைப் பார்த்துவிட்டாள். "ஏமாத்துறீங்க" என்று டாக்டர் சிரித்தார். பிடிபட்டதும் வடிவுக்குக் காது சூடாயிற்று. கபடியில் கோட்டைத் தொடாமலே தொட்டேன் என்று சத்தியம் பண்ணும் பிள்ளைகளை அவள் எத்தனை பேரை வெளியே அனுப்பியிருக்கிறாள். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குத் தோற்றால் ஒரு கோப்பைதான் போகும். இங்கே தோற்றால் என்ன போகும்? வலது கையா, வலது காலா? வரும் வாரம் மாவட்டப் போட்டி. பிள்ளைகளை யார் கூட்டிக்கொண்டு போவது, கணக்கு டீச்சரா, அந்தம்மாவுக்குக் கபடிக்கும் கோகோவுக்கும் வித்தியாசம் தெரியாதே. டாக்டரின் விரல் இப்போது கண்முன் இடமும் வலமும் மேலும் கீழுமாகப் போயிற்று, தலையை ஆட்டாமல் கண்ணால் மட்டும் துரத்த வேண்டும். துரத்தினாள். எதிர்க்களத்திலிருந்து பாடி வரும் பெண்ணின் கையை எப்படிப் பார்ப்பாளோ அப்படிப் பார்த்தாள், கையைப் பார்க்காதே காலைப் பார் என்று பிள்ளைகளுக்குச் சொல்வாளே, காலைப் பார்க்கலாமா, கூடாது, விரலை மட்டும். "இரண்டா தெரியுதா?" "இல்லை." "நல்லது." இது பாஸ்தான். டார்ச் வெளிச்சம் இடது கண்ணில், பிறகு வலது கண்ணில். சிறுபிள்ளையில் வெயிலைப் பார்த்துவிட்டு மூடினால் கண்ணுக்குள் பச்சையாக ஒரு காசு மிதக்குமே, அது மிதந்தது, அதற்குப் பின்னால் அப்பா.

வேண்டாம் என்றாலும் வந்தார் அப்பா. அவள் பிளஸ் டூ படிக்கும்போது ஒரு காலை குழாயடியில் சரிந்தவர். வாய் ஒரு பக்கம் இறங்கி, வலது கை மடியில் வேறு யாருடைய கையோபோலக் கிடந்து, சுவரோரக் கட்டிலில் அப்படியே. வடிவு என்று கூப்பிட வராது, "வழிவு, வழிவு" என்பார். கஞ்சி ஊட்டினால் பாதி வழிவுதான். ஆனால் அவர் அழவில்லை, அதுதான் வேடிக்கை. ரேடியோவில் கிரிக்கெட் கேட்பார், விக்கெட் விழுந்தால் நெற்றியைத் தூக்குவார், திருநீற்றுப் பட்டை மூன்றும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மடிப்பு மடிப்பாக வெடித்துத் தூள் புருவத்தில் கொட்டும். அம்மா அதைத் துடைத்துக்கொண்டே சிரிப்பாள். அந்த நினைவு இவ்வளவு நாள் எங்கே இருந்தது? கன்னத்தில் ஏதோ பட்டது. பஞ்சுத் திரி. "பட்டா சொல்லுங்க." "பட்டுது." நெற்றி, பட்டுது. கன்னம், பட்டுது. தாடை, பட்டுது. வலது பக்கமும் பட்டுது! மரத்துப்போகவில்லை, பஞ்சின் ஒவ்வொரு இழையும் தனித்தனியாகத் தெரிகிறது, பிறகு ஏன் இந்தப் பக்கம் அசையாமல் கிடக்கிறது, எல்லாம் கேட்டுக்கொண்டு பதில் சொல்லாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளை மாதிரி. எல்லாம் கேட்டுக்கொண்டு பதில் சொல்லாமல். அவள் பார்வை தானாக ஆவுடை பக்கம் போயிற்று. அங்கேயும் அதே கதைதானே. ஆவுடை மாடியில் நின்று பால் குக்கரிடம் சொல்வாள், "சிலபேருக்கு மோட்டாரை நிறுத்தணும்னு தோணாது, டேங்க் வழிஞ்சாலும் வேடிக்கை பாப்பாங்க." வடிவு கீழே நின்று வாளியிடம் சொல்வாள், "மோட்டார் போட்டவங்க நிறுத்தணும்." அவளுடைய கணவர் சிவனணைந்த பெருமாள், ரயில்வேயில் கார்டு, வீட்டிலிருக்கும் நாட்களில் அவர்தான் தபால்காரர். "உங்க தங்கச்சிக்கிட்ட சொல்லிருங்க." "உங்க பொண்டாட்டிக்கிட்ட சொல்லிருங்க." நடுவில் அந்த மனுஷன் ஈரத் துண்டோடு மாடிப்படியில் ஏறுவதும் இறங்குவதுமாக. எல்லாம் ஒரு போட்டோவால் வந்தது. தீபாவளியை ஒட்டி ஆவுடை மகளுக்குக் காதுகுத்து. எல்லோரும் நிற்க, போட்டோக்காரர் சிரிங்க என்க, வடிவு சிரிக்க, ஆவுடை ஊர் கேட்கச் சொன்னாள்: "எங்க மைனியை வாயை மூடிக்கிட்டு நிக்கச் சொல்லுங்கண்ணே, அவங்க சிரிச்சா உங்க கேமரா கண்ணாடி விரிசல் விட்டுரும்." மண்டபமே சிரித்தது. வடிவும் சிரித்திருக்கலாம். வேறு யார் சொல்லியிருந்தாலும் சிரித்திருப்பாள். அன்று என்னவோ, சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்து அங்கேயே காய்ந்துவிட்டது, அதன்பிறகு அந்தத் தொண்டை ஆவுடைக்குத் திறக்கவே இல்லை. "பல்லைக் கடிங்க டீச்சர், இறுக்கமா." கடித்தாள். டாக்டர் இரண்டு தாடையிலும் விரலை வைத்துப் பார்த்தார். "அருமை. ரெண்டு பக்கமும் கல்லு மாதிரி இருக்கு." இருக்காதா பின்னே, இத்தனை மாதமாகக் கடித்துக்கொண்டுதானே இருக்கிறேன்.

அப்புறம்தான் டாக்டர் நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளி அவள் முகத்தை முழுசாகப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கதவோரம் திரும்பினார். "நீங்க யாரு, தங்கச்சியா?" "நாத்தனார்" என்றாள் ஆவுடை. "ஒரே வீடா? தினமும் பாப்பீங்களா?" "பாப்பேன்." "அப்ப நீங்கதான் சரியாச் சொல்லணும். இவங்க முகம் இதுக்கு முன்னாடி எப்பவாவது இப்படி ஒரு பக்கமாக் கோணியிருந்துச்சா? நேத்து, முந்தாநாள்?" ஆவுடை யோசித்தாள். மனப்பூர்வமாக யோசித்தாள், பரீட்சையில் பதில் தெரியாத பிள்ளைபோல நெஞ்சில் பையை இன்னும் இறுக்கிக்கொண்டு. "எனக்கு எப்பிடி டாக்டர் தெரியும்? என்னையப் பாத்தா அவங்க எப்பவும் மூஞ்சியக் கோணிக்கிட்டுத்தான் போவாங்க."  டாக்டர் கீழுதட்டைக் கடித்துக்கொண்டு மேசைமேல் எதையோ தேடினார். வடிவுக்கு முதலில் கோபம்தான் வந்தது, இந்த இடத்திலுமா, ஆஸ்பத்திரியிலுமா, என்று. வந்த கோபம் ஆவுடையின் முகத்தைப் பார்த்ததும் எங்கே போயிற்று என்று தெரியவில்லை, ஏனென்றால் அந்த முகத்தில் குத்தல் இல்லை, அவள் உள்ளதைச் சொல்லியிருக்கிறாள், டாக்டரிடம் பொய் சொன்னால் வைத்தியம் தப்பிப்போகும் என்று பயந்து உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறாள், போதாததற்கு அவள் காலில், இப்போதுதான் வடிவு பார்க்கிறாள், ஒரு செருப்பு ஆவுடையுடையது, மற்றது வடிவினுடையது, ஒன்று சிவப்பு ஒன்று கறுப்பு, அப்படியே ஆட்டோவில் வந்து அப்படியே இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி வராந்தா முழுக்க நடந்து வந்திருக்கிறாள். சிரிப்பு வந்தது. நெஞ்சிலிருந்து கிளம்பித் தொண்டையைத் தாண்டி வாய்க்கு வந்து, அங்கே இரண்டாகப் பிரிந்து, இடது பக்கம் மட்டும் சிரித்தது. "ஹாஃப், ஹாஃப்" என்று வலது பக்கம் காற்றடித்தது. டாக்டரும் சிரித்துவிட்டார். ஆவுடை சிரிக்கவில்லை. அந்தப் பாதிச் சிரிப்பைப் பார்த்தவள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள், முதுகு குலுங்கியது. "ஏட்டி, ஏன் அழுத?" என்றாள் வடிவு. பழைய உரிமையோடு ஏட்டி என்று வந்துவிட்டது. எத்தனை மாதமாக வாளியிடமும் குடத்திடமும் பேசிய வாய், கோணிய பிறகு நேராகப் பேசுகிறது. "எனக்கு ஒண்ணும் இல்லை. இப்பப் பாரு, டாக்டர் சொல்வாங்க." டாக்டரோ "கன்னத்தை உப்புங்க டீச்சர்" என்றார். உப்பினாள், போயிற்று. "பல்லைக் காட்டுங்க." பாதிப் பல். "கண்ணை இறுக்க மூடுங்க, நான் திறக்கப் பாப்பேன், விடாதீங்க." இடது கண்ணை அவரால் திறக்க முடியவில்லை. வலது கண்ணைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை.

"இப்ப முக்கியமானது. மேலே பாத்து நெத்தியைச் சுருக்குங்க, ஆச்சரியப்படுற மாதிரி." முக்கியமானது என்றாரே. இதுவரை போனது போகட்டும், இதில் விடக்கூடாது. வடிவு நெற்றியைத் தூக்கினாள். இடது புருவம் ஏறியது. வலது புருவம் இருந்த இடத்தில் இருந்தது, பந்தி முடிந்த பிறகும் எழுந்திரிக்காத ஆள்மாதிரி. ஏறு, ஏறு. தலையைப் பின்னால் சாய்த்தாள், தாடையை நீட்டினாள், காதைக்கூட அசைத்துப் பார்த்தாள், இடது பக்கத்தை இழுத்த இழுப்பில் வலது பக்கமும் கொஞ்சம் இழுபட்டதுபோல இருந்தது, சுருங்கிவிட்டது, சுருங்கித்தானே இருக்கிறது? டாக்டர் அவள் உச்சந்தலையை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலால் வலது புருவத்தின் மேலே தொட்டார். "இப்ப சுருக்குங்க. மறுபடியும் ஏமாத்துறீங்க பாத்தீங்களா." கட்டைவிரலுக்குக் கீழே ஒரு மடிப்பும் எழவில்லை. இஸ்திரி போட்டதுபோல வழவழவென்று. "ஒண்ணுமே சுருங்கலை" என்றார் டாக்டர். பிறகு, "நல்லது" என்றார். நல்லதா? வடிவின் மனம் அந்த வார்த்தையில் முள்ளில் சேலைபோல மாட்டிக்கொண்டது. விரல் இரண்டாகத் தெரியாதபோதும் நல்லது என்றார், அது நல்லது, புரிகிறது. சுருங்காதது எப்படி நல்லது? எல்லா டாக்டர்களும் கடைசியில் நல்லது என்றுதான் சொல்வார்கள், அப்பாவைப் பார்த்துவிட்டு வெளியே வந்த டாக்டரும் நல்லது என்றுதான் ஆரம்பித்தார், நல்லது, நீங்க யாராவது பெரியவங்க இருந்தா வாங்க என்று. அப்பாவுக்கு நெற்றியாவது சுருங்கியது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் சுருங்கியது. அவருக்கு வந்ததே அப்படிப் படுக்கையில் போட்டது என்றால், அவருக்கு இருந்த நெற்றியும் எனக்கு இல்லை என்றால், அப்போது என்னுடையது அதைவிட, அப்போது இது, அது.  காதருகே ஏதோ ணங் என்று பாடியது, கவட்டை மாதிரி ஒரு இரும்பு, அதைத் தட்டிக் காதருகே பிடித்திருந்தார். "கேக்குதா?" "வலது பக்கம் ரொம்பக் கேக்குது டாக்டர். காலையிலருந்தே அப்படித்தான், தட்டு விழுந்தா இடி விழுந்த மாதிரி." "நல்லது" என்றார் மறுபடியும். கடவுளே, எதுவும் கெடுதலே இல்லையா இந்தப் பிள்ளைக்கு. காதைப் புரட்டி உள்ளே கொப்புளம் இருக்கிறதா என்று பார்த்தார். காதுக்குப் பின்னால் வலித்ததா? முந்தாநாள் வலித்தது, பேருந்துச் சன்னல் காற்று என்று நினைத்தேன். வாய் ருசி எப்படி? நேற்றிலிருந்து டீ இரும்பாக இருக்கிறது, பால்காரரைத் திட்டினேன். "பாவம் அவரு. ஆ காட்டுங்க." ஆ. உள்நாக்கைப் பார்த்தார். எவ்வளவு சத்தமாக ஆ என்றாள் என்றால் வெளியே வரிசையில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. "தோளைத் தூக்குங்க, நான் அமுக்குவேன்." தூக்கினாள். டாக்டர் இரண்டு கையாலும் அமுக்கினார், தோள் இறங்கவில்லை, டாக்டர்தான் நுனிக்காலில் எம்பினார். "எம்மாடி!" இதிலாவது ஃபஸ்ட். "கடைசி. நாக்கை நீட்டுங்க, நேரா."

நாக்கை நீட்டுவதா? எதிரே நேராக ஆவுடை நிற்கிறாள். அழுது முடித்துத் திரும்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். இத்தனை மாதத்தில் அவளைப் பார்த்து நாக்கை நீட்ட வேண்டும் என்று வடிவுக்கு எத்தனை தரம் தோன்றியிருக்கும், மாடிப்படியில் அவள் முதுகைப் பார்க்கும்போதெல்லாம். நாற்பத்தைந்து வயசுக்காரி, அரசு ஊழியை, பிள்ளைகள் யாராவது அப்படிச் செய்தால் மைதானத்தை இரண்டு சுற்று ஓடவிடுகிறவள், என்று அடக்கிக்கொண்டவள். இப்போது டாக்டரே சொல்கிறார். நீட்டினாள். நன்றாக, வேர்வரை நீட்டினாள். "நேரா வந்திருக்கு. இடதும் வலதும் ஆட்டுங்க." ஆட்டினாள். ஆவுடை முதலில் விழித்தாள், பிறகு முந்தானைக்குள்ளேயே க்ளுக் என்றாள். கை இரண்டையும் நீட்டச் சொன்னார், காலால் உதைக்கச் சொன்னார், எல்லாம் உள்ளபடி இருந்தது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் வரும்போதே நர்ஸ் பார்த்தாயிற்று, அதிலும் குறையில்லை. டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு அவள் முழங்காலில் கை வைத்தார். "பயந்துக்கிட்டே இருந்தீங்க இல்ல? இது பக்கவாதம் இல்லை டீச்சர்." பெயரைச் சொல்லியேவிட்டார், அவ்வளவு சுலபமாக. "மூளையில கோளாறுன்னா வாய் கோணும், ஆனா நெத்தி சுருங்கும். ஏன்னா நெத்திக்கு மூளையோட ரெண்டு பக்கத்துல இருந்தும் லைன் வருது, ஒண்ணு போனாலும் இன்னொண்ணு பாத்துக்கும். உங்களுக்கு நெத்தி, கண்ணு, வாய் எல்லாம் மொத்தமா நின்னுருக்கு. அப்படின்னா மெயின்ல கோளாறு இல்லை. உங்க முகத்துக்கு வர்ற ஒத்தை வயர், காதுக்குப் பின்னால வர்றது, அது வீங்கியிருக்கு. அவ்வளவுதான். முழுசா நின்னதுதான் நமக்கு நல்ல சேதி. மாத்திரையை இன்னைக்கே ஆரம்பிச்சிரலாம், பெரும்பாலும் சில வாரத்துல திரும்பி வந்துரும்." வடிவு கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டிருக்கும்போதே திருநீற்றுப் பட்டை மூன்றும் மடிப்பு மடிப்பாக வெடித்தன, தூள் கொட்டியது, அப்பா நெற்றி முழுவதும் சுருங்கச் சிரித்தார். அதுதானே, அப்பாவுக்குச் சுருங்கியது, எனக்குச் சுருங்கவில்லை, அவருடையது வேறு, என்னுடையது வேறு. சுருங்காத நெற்றியைக் கையால் தடவிப் பார்த்தாள். கடைசிவரை சுருக்கிக் காட்டி இந்தப் பிள்ளையை ஏமாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்! வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு பரீட்சையில் முட்டை வாங்கியதற்கு அவளுக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. "விசில் ஊதலாமா டாக்டர்?" "இந்த வாரம் கைதட்டுங்க. ஆனா கண்ணுதான் முக்கியம். மூடாத கண்ணு காஞ்சு புண்ணாயிரும். சொட்டு மருந்து மணிக்கொரு தரம் விடணும், வெளியே தூசியில போகும்போதும் ராத்திரி தூங்கும்போதும் இமையை இழுத்து மூடி பிளாஸ்திரி ஒட்டணும். நீங்களா ஒட்டினா சரியா வராது. ஒட்டுறதுக்கு ஆள் இருக்கா?" வடிவு வாயைத் திறப்பதற்குள் கதவோரத்திலிருந்து, "நான் ஒருத்தி எதுக்கு இருக்கேன்" என்றாள் ஆவுடை, கோபமாக.

மருந்து வாங்கிக்கொண்டு வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வேப்பமரத்து வெயில் தரையில் பொட்டுப் பொட்டாக ஆடியது. பக்கத்தில் ஒரு அம்மாள் தூக்குச்சட்டியைத் திறந்து யாருக்கோ இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள், சாம்பார் வாசனை மூக்கின் இரண்டு துவாரத்திலும் சரியாக வந்தது, பசித்தது. "தலையைச் சாயுங்க மைனி." சாய்ந்தாள், ஆவுடையின் தோளில் பின்மண்டை பட்டது, எடுக்கவில்லை. "மேலே பாருங்க. ஆடாதீங்க. உங்களுக்கு ஒரு இடத்துல சும்மா இருக்கவே தெரியாது." "நீ நேரா விடு. கன்னத்துல விடுத." "கண்ணு எங்கே, கன்னம் எங்கேன்னு எனக்குத் தெரியும்." சொட்டு விழுந்தது. குளுகுளுவென்று அந்தக் காய்ந்த கண்ணுக்குள் பரவி, வேப்பமரம் தண்ணீருக்குள் போய்விட்டது. ஆவுடையின் விரல் இமையை மெதுவாக, மிக மெதுவாக, தூங்கும் பிள்ளை விழித்துவிடக்கூடாது என்பதுபோலக் கீழே இழுத்தது. "அன்னைக்குக் காதுகுத்துல" என்று ஆவுடை ஆரம்பித்தாள். "இப்ப எதுக்கு அது" என்றாள் வடிவு. "இல்ல மைனி, அந்தப் போட்டோவுல..." "ஒட்டுட்டி முதல்ல." பிளாஸ்திரியைப் பல்லால் கிழிக்கும் சத்தம் வலது காதில் தகரம் கிழிவதுபோலக் கேட்டது. ஒட்டிவிட்டாள். இருட்டு, அந்தப் பக்கம் மட்டும் நல்ல சுகமான இருட்டு. அப்போதுதான் பைக்குள்ளிருந்த போன் அடித்தது. காலையில் ஆவுடை அண்ணனுக்கு வரிசையாகப் போட்டும் அவர் எடுக்காத போன், கூட்ஸ் வண்டியை எங்கேயோ நிறுத்திவிட்டு அவர் இப்போதுதான் பார்த்திருக்கிறார். ஆவுடை ஒரு கையால் பிளாஸ்திரியை அமுக்கிக்கொண்டே மறு கையால் எடுத்தாள். அழுது அழுது கட்டிப்போயிருந்த தொண்டையால் பேசினாள். "அண்ணே. ஆமா, பெரியாஸ்பத்திரியிலதான் இருக்கேன். மைனிக்குத்தான். காலையில கொழாயடியில... ஆமா, உடனே கொண்டுவந்துட்டேன். எல்லாம் முடிஞ்சிட்டுண்ணே. இப்பதான் மைனி கண்ணை மூடுனோம்."

 போனில் ஒரு சத்தம், ரயில் எஞ்சின் மூச்சு விடுவதா மனுஷன் மூச்சு விடுவதா என்று தெரியாமல். "அண்ணே? என்னண்ணே, ஏன் அழுதீங்க? அதெல்லாம் ஒண்ணும் இல்லண்ணே, டாக்டர் பிளாஸ்திரி..." வடிவுக்குத்தான் முதலில் உறைத்தது. உறைத்ததும் எழுந்து உட்கார்ந்து போனைப் பிடுங்கினாள். "ஏங்க, நான்தான். நான்தான் வடிவு." உதடு சதி செய்தது, ‘ஃபடிஃபு’ என்று போயிற்று. "யாரு? யாரும்மா பேசுறது? வடிவு பக்கத்துல யாரு இருக்கீங்க?" அவர் குரல் உடைந்து கிடந்தது. இத்தனை வருஷத்தில் அவள் அந்தக் குரலைக் கேட்டதே இல்லை, எனக்காகவா, என்று போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டாள். "நான்தாங்க. உசுரோடதான் இருக்கேன். வாய்தான் கோணிட்டு, சரியாயிருமாம். கண்ணுல பிளாஸ்திரி ஒட்டினதைத்தான் உங்க தங்கச்சி கண்ணை மூடுனோம்னு சொல்லுதா." "அடப்பாவி!" என்றார் அவர். "அடப்பாவி, அடப்பாவி!" எத்தனை தடவை என்று கணக்கில்லை, திட்டுவதும் அழுவதும் சிரிப்பதும் ஒன்றாகக் கலந்து வந்தது. ஆவுடை இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள், அடித்துக்கொண்டே பெஞ்சில் சரிந்து சிரித்தாள், இட்லி ஊட்டிக்கொண்டிருந்த அம்மாள் என்னம்மா என்றாள், ஆவுடை சொன்னாள், அந்த அம்மாளும் சிரித்தாள். வடிவு சிரித்தாள், வாயின் இடது பாதியால், உடம்பு முழுவதாலும். கடைசியில் அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இரு, இரு" என்றார். "பக்கத்துல ஆவுடையா இருக்கா? அவதான் கூட்டிட்டு வந்தாளா? நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிடுதீங்களா?" "பேசுதோம்." அவருக்குப் பின்னால் ஒரு கூட்ஸ் பெட்டி கிறீச்சென்று நகர்ந்தது. "சரி, வைக்கட்டுமா?" என்றாள் வடிவு. "வைக்காத, வைக்காத. எனக்குச் சிக்னல் விழ நேரம் இருக்கு. நீங்க ரெண்டு பேரும் எதையாவது பேசுங்க, நான் சும்மா கேட்டுக்கிட்டு இருக்கேன்." போனை பெஞ்சின்மேல் இருவருக்கும் நடுவில் வைத்தாள்.  ஆவுடை தொண்டையைச் செருமிக்கொண்டாள். "மதியத்துக்கு என்ன மைனி வைக்க? மெல்லாம முழுங்குற மாதிரி ரசஞ்சாதம்?" "எனக்குப் பல்லெல்லாம் கல்லு மாதிரி இருக்குன்னு டாக்டரே சொல்லிருக்காங்க" என்றாள் சங்கரவடிவு. "கறி எடுட்டி."